முதல் அழைப்பு யாருக்கு

அருள்,

போன வாரம் நீதிமன்றத்தின் மதிய இடைவேளையில், வழக்கறிஞர்கள் அறையில் நான் தயிர்சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது நீ தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். "அப்பா, சட்டப்படி ஒண்ணு கேக்கணும். இங்க உலையில ஏதோ ஆயிருச்சு, எனக்குத் தகவல் வருதுன்னு வைங்க. நான் முதல் போனை வீட்டுக்குப் போட்டா தப்பா?" என்றாய். சுற்றிலும் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, "அதைப் பார்த்துத்தான் சொல்லணும்" என்றேன். "வாய்தா வாங்கிட்டீகளேப்பா" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். நீ கேட்டது சட்டக் கேள்வி அல்ல என்பது எனக்குத் தெரியும். சட்டக் கேள்வியின் உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தால்தான் உன் அப்பா வாசலில் நிறுத்தாமல் உள்ளே விடுவார் என்று நீ சிறு வயதிலிருந்தே தெரிந்து வைத்திருக்கிறாய்.

உன் வேலையை உனக்கே விளக்குவது அதிகப்படிதான். ஆனாலும் எந்த வழக்கிலும் சங்கதிகளை முதலில் வரிசையாக வைத்துக்கொள்ளாமல் எனக்கு வாதம் ஓடாது. தெற்கே கடலோரத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் அணுமின் நிலையத்தைச் சுற்றி நிர்வாகம் ஒரு வளையம் வரைந்திருக்கிறது. உலை இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அது ஓடுவதற்கு முன்பே, வளையத்துக்குள் வாழ்கிற மக்களுக்கு ஆபத்து வந்தால் யார் யாருக்குச் சொல்வது, யார் எங்கே போவது அல்லது போகாமல் இருப்பது என்ற திட்டம் மாவட்டத்தின் கையில் இருக்க வேண்டும். நீ தேர்வு எழுதி, வருவாய் ஆய்வாளராக நியமன உத்தரவு வாங்கி, அந்த வளையத்துக்குள் இருக்கும் சில ஊர்களுக்குப் பொறுப்பாகப் போயிருக்கிறாய். நிலையத்திலிருந்து ஆட்சியருக்கும், ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியருக்கும், அவரிடமிருந்து உனக்கும் தகவல் இறங்கி வரும். அந்தப் படிக்கட்டில் உனக்குக் கீழே கிராம நிர்வாக அலுவலர்கள், அவர்களுக்கும் கீழே மக்கள்தான். உன் மனைவி எஸ்தரும் குழந்தையும் இப்போது எங்களோடு விருதுநகரில் இருக்கிறார்கள். குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி போட்டதும் நீ பார்த்து வைத்திருக்கும் வாடகை வீட்டுக்கு அவர்கள் வருவதாகப் பேச்சு. அந்த வீடும் வளையத்துக்குள்தான் இருக்கிறது. சங்கதிகள் இவ்வளவுதான்.

சென்ற முறை வந்தபோது, மக்களுக்கான அறிவிப்பின் வரைவை என்னிடம் கொடுத்து, தமிழ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாய். முதல் வாக்கியத்திலேயே என் பேனா நின்றுவிட்டது. "அறிவிப்பு கேட்டவுடன் பொதுமக்கள் தத்தம் வீடுகளுக்குள் சென்று கதவு, ஜன்னல்களைச் சாத்திக்கொள்ள வேண்டும்." வாக்கியத்தில் பிழை இல்லை. காற்றில் வரும் கதிரியக்கத் தூசிக்குச் சுவர்தான் முதல் தடுப்பு. மின்விசிறியை நிறுத்து, தண்ணீரை மூடி வை, அயோடின் மாத்திரையைச் சொல்லும்போது மட்டும் விழுங்கு, மறு அறிவிப்பு வரும் வரை வெளியே வராதே என்று அடுத்தடுத்து வந்த கட்டளைகள் எல்லாம் காரணம் உள்ளவை. ஆனால் நான் விருதுநகர்க்காரன். சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை வரைக்கும் பட்டாசு ஆலைகளுக்கு நடுவில் வழக்கு நடத்தியே தலை நரைத்தவன். எங்கள் பக்கத்தில் ஆபத்து என்றால் சாத்துவது என்ற சொல்லுக்கே இடம் கிடையாது. ஆலையில் ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிரே கதவுகள் வைத்திருப்பார்கள். எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கும். வேலை நேரத்தில் ஒரு கதவைக்கூடச் சாத்தக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது, கங்காணியும் சொல்கிறார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு வெடிமருந்து தொடுவதற்கு முன்பே ஓடச் சொல்லிக்கொடுப்பார்கள்.

நம் வீட்டிலும் அந்தச் சட்டம் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன் அம்மா அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவில் செவிலியராக இருந்த காலம் அது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு நீ அறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தாய். அவள் பணி முடிந்து வந்து கதவைத் தள்ளிப் பார்த்தாள். திறக்கவில்லை. மறுநாள் தச்சரைக் கூட்டிவந்து, வீட்டில் குளியலறை தவிர மற்ற எல்லா உள் தாழ்ப்பாள்களையும் கழற்றிவிட்டாள். "சத்தமா இருக்கும்மா, படிக்க முடியல" என்று நீ அழாத குறையாகச் சொன்னாய். "படிக்கிறதுக்குத் தாப்பா எதுக்குலே? படிப்பு என்ன எந்திரிச்சு ஓடியா போயிரும்?" என்று கேட்டுவிட்டு அவள் சமைக்கப் போய்விட்டாள். ஆலைத் தீயில் சாத்திய கதவு வரை வந்துவிட்டு அங்கேயே நின்றுபோனவர்கள் எந்த நிலையில் வேனிலிருந்து இறக்கப்படுவார்கள் என்பதை அவள் உன்னிடம் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் மட்டும் இன்றும் இருக்கின்றன.

எஸ்தர் வளர்ந்தது இன்னும் நெருக்கத்தில். ஏழாயிரம்பண்ணையில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேனில் போய் வந்தவர்கள். கம்பெனி என்று நான் பன்மையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உன் கல்யாணப் பேச்சுக்கு நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, உன் மாமியார் காபி கொடுத்துக்கொண்டே சொன்னார்: "நானும் அவுகளும் ஒரே கம்பெனிக்குப் போனதில்ல, வக்கீலண்ணே. கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே பிரிஞ்சுட்டோம். ஊர்ல சண்டையாக்கும்னு பேசிக்கிட்டாக." உன் மாமனார் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். "ஒரே வேன்லகூட ஏற மாட்டோம். ஒருத்தருக்கு ஒண்ணு ஆனாலும் பிள்ளைக்கு ஒருத்தர் மிச்சம் இருக்கணும்ல" என்றார் அந்த அம்மாள். காபி நன்றாக இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் அதையும் சொன்னார். அந்தத் தெருவில் பல வீடுகளில் அதுதான் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எஸ்தர் மருமகளாக வந்த முதல் வாரம், வெயிலுக்காக யாரோ முன்கதவைச் சாத்தினார்கள். அவள் பேச்சை நிறுத்தாமலே எழுந்துபோய்த் திறந்துவிட்டு, கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். உன் அம்மாவும் அவளும் அந்தக் கணத்தில்தான் ஒட்டிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்தபோது எழுத நினைத்தது வேறு. உன் மாமியார் சொன்ன வழக்கத்தையே உனக்கு அறிவுரையாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீ அங்கே இரு. எஸ்தரும் குழந்தையும் இங்கே இருக்கட்டும். வாரக் கடைசியில் பேருந்து ஏறி வந்து பார்த்துக்கொள். ஒருவருக்கு ஒன்று ஆனாலும் குழந்தைக்கு ஒருவர் மிச்சம். அப்படிச் செய்தால் நீ கேட்ட கேள்வியே எழாது. முதல் அழைப்பு யாருக்கு என்ற கேள்வி, வீடு வளையத்துக்குள் இருப்பவனுக்குத்தானே வரும்? இப்படி ஒரு பக்கம் எழுதியும் முடித்தேன். எழுதியதைத் திரும்பப் படித்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த ஓர் ஒத்திகை நினைவுக்கு வந்து அந்தப் பக்கத்தைக் கிழிக்கவைத்தது.

பட்டாசு ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் அப்போது ஓர் அவசரகாலத் திட்டம் தயாரானது. சூலக்கரையில் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். வாசகங்கள் பின்னால் வழக்கில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதற்காக என்னையும் அழைத்து உட்காரவைத்தார்கள். எழுதி முடித்ததும் ஓர் ஊரில் ஒத்திகை பார்ப்பது என்று முடிவானது. அபாயச் சங்கு ஊதும். ஜீப்பில் ஒலிபெருக்கி வரும். ஆலைக்கு அருகில் உள்ள தெருக்காரர்கள் எல்லோரும் ஊருக்கு மேற்கே இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக வேண்டும். அவ்வளவுதான். அந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலர் கெட்டிக்காரர், மூன்று நாட்களாகத் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லியிருந்தார்.

சங்கு ஊதியது. ஜீப் தெருவில் ஊர்ந்தது. ஒருவரும் அசையவில்லை. ஒரு வீட்டு வாசலில் வெடிக்கான காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மைக்குல என்னக்கா சொல்றாக?"

"பள்ளிக்கூடத்துக்குப் போகணுமாம்."

"இந்த வயசுலயா?"

"ஒத்திகையாம்டி. நெசமா வெடிச்சா இவுக மைக்கப் பிடிச்சிக்கிட்டு இங்கன நிப்பாகளாக்கும்."

தீயணைப்பு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நான் குடையை மடக்கி விரித்துக்கொண்டிருந்தேன். அப்போது கிராம நிர்வாக அலுவலரின் மனைவி, இடுப்பில் பிள்ளையும் கையில் ஒயர் கூடையுமாகத் தெருமுனையில் வேகமாகப் போனார். அவ்வளவுதான். "ஏலே, விஏஓ வீட்டம்மா பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாகலே" என்று ஒரு குரல் கேட்டது. குழாய்கள் தரையில் உருண்டன. அடுப்பை அணைத்தார்கள், பிள்ளைகளை இழுத்தார்கள், ஒருவர் ஆட்டைக்கூட அவிழ்த்துக்கொண்டார். தெரு முழுவதும் அந்த அம்மாளின் பின்னால் பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஓடியது. கணவர் பின்னாலேயே ஓடினார். "ஏத்தா, நில்லுங்க. அவ காதுகுத்துக்குப் போறாத்தா" என்று ஒரு பெண்ணை மறித்தார். அவள் நிற்காமலே சொன்னாள்: "சும்மா சொல்லாதீக சார். காதுகுத்துக்குப் போறவுக எதுக்கு இம்புட்டு வேகமாப் போறாக?" "பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுத்தா" என்றார் அவர். யார் கேட்டார்கள்? பேருந்து நிறுத்தம் ஆலைச் சாலையின் முனையில் இருந்தது. நிஜமாகவே நெருப்புப் பிடித்திருந்தால் ஊரே அதை நோக்கித்தான் போயிருக்கும். தீயணைப்பு அதிகாரி என் பக்கம் திரும்பி, "ஒத்திகை ஜெயிச்சிருச்சு, வக்கீல் சார். திசை மட்டுந்தான் தப்பு" என்றார்.

அன்று நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அறிக்கையில் அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாததால் எழுதாமல் விட்டோம். ஆனால் எத்தனையோ சட்டப் புத்தகங்கள் சொல்லாத ஒன்றை அந்தத் தெரு எனக்குக் காட்டியது. சங்கு ஊதினால் மக்கள் காதால் கேட்பார்கள், அதோடு சரி. நம்புவதற்கு அவர்கள் பார்ப்பது அதிகாரியின் வீட்டு வாசலைத்தான். அவன் பெண்டாட்டி பிள்ளை என்ன செய்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்கு அறிவிப்பு. அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஊருக்கு ஒன்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வேறொன்று சொல்கிற அதிகாரிகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். பொறுப்பேற்ற அன்று தேநீர்க்கடையில் ஒருவர், "குடும்பத்தக் கூட்டிட்டு வரலியா சார்?" என்று கேட்டதாகவும், வரும் மாதம் வருவார்கள் என்று நீ சொன்னதாகவும், அவர் தேநீருக்குக் காசு வாங்க மறுத்ததாகவும் வேடிக்கையாகச் சொன்னாய். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. எஸ்தரையும் குழந்தையையும் நான் இங்கே வைத்துக்கொண்டால், அடுத்த முறை அந்தக் கடையில் காசு வாங்கிக்கொள்வார்கள். வருவாய் ஆய்வாளர் குடும்பம் ஏன் வரவில்லை என்று பேசுவார்கள். அதன் பிறகு நீ ஒலிபெருக்கியில் வீட்டுக்குள் இரு என்று சொன்னால், தன் குடும்பத்தை வெளியே வைத்துக்கொண்டு நம்மை உள்ளே இருக்கச் சொல்கிறான் என்பார்கள், சாலைக்கு வருவார்கள். கடலோரத்திலிருந்து நெடுஞ்சாலைக்குப் போக இருக்கும் அந்த ஒற்றைச் சாலையில் மாட்டுவண்டியும் வேனும் மீன் லாரியும் நெரிய, கூரையில்லாமல், காற்றின் கீழே நிற்பார்கள். தம்மைக் காப்பாற்றிக்கொள்வதாக நினைத்துக்கொண்டு, எதற்கு அஞ்சினார்களோ அதிலேயே நிற்பார்கள். எஸ்தரை நான் அனுப்பிவைத்தால், அந்த நாளில் அவளும் குழந்தையும் அந்த வீட்டுக்குள் சாத்திய கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் அவள் வெளியே வரவே கூடாது.

இதிலிருந்து வெளியேற வழி இருக்கிறதா என்று, ஒரு கட்சிக்காரனுக்காகத் தேடுவதைவிடக் கவனமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். வளையத்துக்கு வெளியே வீடு பார்க்கலாமா என்றால், பொறுப்பில் உள்ள ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்று உன் உத்தரவில் தெளிவாக இருக்கிறது. மாறுதல் கேட்டு மனுப் போடலாம், அதற்கு வாசகமும் என்னால் எழுதித் தர முடியும். அப்படிக் கிடைத்தால் உன் இடத்துக்கு இன்னொருவர் வருவார், அவருக்கும் ஒரு மனைவியும் பிள்ளையும் இருப்பார்கள். என் எழுத்து அந்தக் கதவை வேறொரு பெண்ணின் மேல் சாத்தியதாக ஆகும். வேலையை விடச் சொல்லலாமா என்றும் ஒரு மாலை முழுவதும் யோசித்தேன். அதை உன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். "வெடி விபத்துன்னு போன் வர்றப்பல்லாம் நான் வேலைய விட்டுட்டா போனேன்? நீங்கதான ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டீக" என்றாள். நான் முயன்ற கதவு எல்லாம் வெளியே திறக்கும் போலிருந்தது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை.

ஆகவே உன் கேள்விக்கு வருகிறேன். தகவல் கிடைத்ததும் காலதாமதமின்றிக் கிராமங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. அதற்கு முன் வீட்டுக்கு ஓர் அழைப்புப் போகக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் பேசும் நேரத்தைக் காலதாமதம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. எனவே முதல் போனை நீ வீட்டுக்கே போடலாம், அது தப்பில்லை. போடலாம் என்பது மட்டுமில்லை, போட வேண்டும் என்பேன், ஏனென்றால் ஊருக்கான முதல் அறிவிப்பு உன் வீட்டு வாசலில்தான் நடக்கப்போகிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னவாக இருக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளம்பு என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்தச் சொல் உன் நாக்கு நுனியில் வந்து நிற்கும். எனக்கும் அப்படித்தான் வந்து நிற்கும். நீ அதைச் சொன்னால் அவள் குழந்தையைத் தூக்குவாள், தெரு அவளைப் பார்க்கும், பிறகு உன் ஒலிபெருக்கியால் ஒரு பயனும் இல்லை. சாத்திக்கொள் என்று சொல். அவள் எழுந்துபோய், நாலு பேர் பார்க்க, ஜன்னல்களைச் சாத்தி, முன்கதவைச் சாத்துவதை அந்தத் தெரு பார்த்தால், மற்ற கதவுகளும் சாத்தும்.

இதை உன்னிடம் சொல்வதற்கு முன் அவளிடம் கேட்காமல் இருப்பது முறையல்ல என்று பட்டது. முந்தாநாள் பகலில், குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்து அவள் முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன், ஒத்திகைக் கதையையும் சேர்த்து. ஆட்டை அவிழ்த்த இடத்தில் சிரித்தாள். கதவைச் சாத்தும் இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. வாசலைப் பார்த்தாள். "இப்பப் பாத்துக்கிடலாமா மாமா?" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் எழுந்து ஜன்னல்களைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், என்னை வெளியே போகச் சொன்னாள். முன்கதவு என் முகத்துக்கு எதிரே மூடியது. முன்கதவுக்கும் இரவுப் பூட்டைத் தவிர உள்ளே தாழ்ப்பாள் இல்லாததால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு முட்டுக்கொடுக்கும் சத்தம் கேட்டது. நல்ல வெயில். உன் அம்மா பின்பக்கமாக வந்து, என்னையும் கதவையும் பார்த்துவிட்டு உலையில் அரிசி போடப் போனாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டே இருந்தேன். உள்ளே முதலில் அவள் குழந்தைக்கு ஏதோ பாடினாள். பிறகு பாட்டு நின்றது. பிறகு மூச்சு மட்டும் கேட்டது, ஓடி வந்தவர்களுடைய மூச்சு மாதிரி. கதவைத் தள்ள என் கை இரண்டு முறை போனது.

சோறு வடிக்கும் வாசம் வந்த பிறகு நாற்காலி நகர்ந்தது. கதவைத் திறந்தவளின் முகமும் ரவிக்கையும் நனைந்திருந்தன. குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "இருந்துட்டேன் மாமா" என்றாள். உன் அம்மா ஈரத் துண்டோடு வந்து அவள் கழுத்தைத் துடைத்தாள். தண்ணீர் குடித்து முடித்து, செம்பைக் கீழே வைத்துவிட்டு, எஸ்தர் என்னைக் கேட்டாள்: "ஒரு சந்தேகம் மாமா. நான் சாத்திக்கிட்டு உள்ள இருக்கேன். அவுக வெளிய சுத்திக்கிட்டு இருப்பாக. நடுவுல வந்து அவுக தட்டுனா, தொறக்கலாமா?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "அதைப் பார்த்துத்தான் சொல்லணும்மா" என்றேன். "எனக்கும் வாய்தாவா மாமா?" என்று கேட்டு அவள் சிரித்தாள். உன் சிரிப்பு மாதிரியே இருந்தது.

பார்த்துவிட்டேன், அருள். நீ கொடுத்த வரைவை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். மறு அறிவிப்பு வரும் வரை கதவைத் திறக்கக் கூடாது. வெளியில் இருந்தவர்கள் யாராக இருந்தாலும் முகாமுக்குப் போய், உடையைக் களைந்து, குளித்து, பரிசோதித்த பிறகே வீடு திரும்ப வேண்டும். விதிவிலக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். விதிவிலக்கைத் தேடுவதுதான் முப்பது வருடமாக என் பிழைப்பு. இதில் ஒன்றும் இல்லை. இருக்கவும் கூடாது. உன் சட்டையில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது உன் கண்ணுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவள் தோளில் தூங்குவதற்கு ஒன்றுமே தெரியாது.

சட்டப்படி அவளுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் கூடாது என்பதுதான். ஆனால் அந்தப் பதிலை அவளிடம் நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நிற்காது. உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியே வரட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்த ஊரில் பிறந்தவள் அவள். ஊருக்காக, உனக்காக, அவள் அதைச் சாத்திவிடுவாள், அதை நான் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் ஒன்றை அவளிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. தட்டுவது நீ என்று தெரிந்தால் நாற்காலி நகர்ந்துவிடும், யார் எழுதிய திட்டமும் அதைத் தடுக்காது.

ஆகையால் என் அறிவுரை அவளுக்கு அல்ல, உனக்குத்தான். அந்த நாள் வராமலே போகட்டும். வந்தால், முதல் போனைப் போடு, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல், பிறகு உன் வேலையைப் பார். ஊர் ஊராகப் போகும்போது உன் தெரு வழியாகவும் போக வேண்டிவரும். வீட்டு வாசல் வரும்போது ஜீப்பை மெதுவாக்காதே. குழந்தை அழுவது கேட்டாலும் இறங்காதே. உள்ளே சத்தமே இல்லாவிட்டாலும் இறங்காதே. தட்டாதே.

தட்ட மாட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது. அது வந்த பிறகு அவர்களை நானே கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை அதன் பிறகு யாருக்கும் வராது.

அப்பா